அக்கி: கொப்புளத்துக்கு முன்னால் வரும் வலி

நேயர்களுக்கு வணக்கம்.

எழுபது வயதுக்காரர் ஒருவர், "விலாவில் ஒரு பக்கமா எரியுது, ஊசி குத்துற மாதிரி சுருக் சுருக்குனு இருக்கு" என்கிறார். சட்டையை விலக்கிப் பார்த்தால் தோலில் ஒன்றுமே இல்லை. சுளுக்காக இருக்கும் என்று தைலம் தேய்க்கிறார்கள். வலி இடது நெஞ்சில் என்றால் இ.சி.ஜி. எடுக்கிறார்கள், வலது விலா என்றால் பித்தப்பைக்கு ஸ்கேன், இடுப்பு என்றால் சிறுநீரகக் கல்லைத் தேடுகிறார்கள். நெஞ்சு வலிக்கு இ.சி.ஜி. எடுப்பதுதான் சரி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வீடு திரும்பிய இரண்டாம் நாள், வலித்த அதே இடம் சிவந்து கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள் எழும்பும். முதியவர்களுக்கு அக்கி பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

சின்ன வயதில் வந்துபோன சின்னம்மை வைரஸ்தான் இதற்குக் காரணம். அம்மை இறங்கினாலும் அந்தக் கிருமி உடலை விட்டுப் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளிலும், முகத்துக்குப் போகும் நரம்புகளின் முடிச்சுகளிலும் பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடக்கும். வயதாகி எதிர்ப்பாற்றல் தளரும்போதோ, புற்றுநோய்ச் சிகிச்சை, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை போன்றவற்றால் அது குறையும்போதோ மறுபடி எழும். எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற ஆங்கிலேயர், ஊரில் சாதாரணப் பொது மருத்துவராக இருந்தவர், தன்னிடம் வந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்தே 1965-இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார்.

வைரஸ் நரம்பின் வழியாகவே தோலுக்கு வருகிறது. அதனால்தான் வலி முந்துகிறது, கொப்புளம் பிந்துகிறது. உடலின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனி நரம்புகள் என்பதால் அக்கியும் ஒரு பக்கமாகப் பட்டை போலப் படரும். பொதுவாக நடுக்கோட்டைத் தாண்டாது. ஒரு பக்கம் மட்டும் காரணமில்லாத எரிச்சல், துணி பட்டாலே கூச்சம் என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்தைத் தினமும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முதுகு என்றால் அவராகப் பார்க்க முடியாது, வீட்டில் யாராவதுதான் பார்க்க வேண்டும்.

கொப்புளம் தெரிந்ததும் 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். இன்றைய பேச்சில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்ற மருந்துகளைப் பெரும்பாலும் 7 நாள் தருவோம். கொப்புளம் சீக்கிரம் காயும், வலியின் கடுமையும் குறையும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்பதால், வேறொருவருக்கு எழுதிய சீட்டைப் பார்த்து வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மூன்று நாள் கடந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம். புதிய கொப்புளங்கள் வந்துகொண்டிருந்தால் அப்போதும் மருந்துக்கு வேலை உண்டு.

நெற்றியிலோ கண்ணிமையிலோ வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் தென்பட்டாலே விழியும் பாதிக்கப்படலாம் என்று பொருள். கவனிக்காவிட்டால் பார்வை போகலாம். காதில் கொப்புளம் வந்து முகம் ஒரு பக்கம் கோணினாலும் அவசரம்தான்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். குளிக்கலாம், சோப்பு போட்டு மென்மையாகக் கழுவலாம். குளிர்ந்த ஈரத்துணி ஒற்றினால் எரிச்சல் தணியும். கையில் கிடைத்த களிம்பையெல்லாம் பூச வேண்டாம், முக்கியமாக ஸ்டீராய்டு களிம்பு. கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராமலும் அதற்கான தடுப்பூசி போடாமலும் இருப்பவர்களுக்குச் சின்னம்மை வரலாம், அக்கி வராது. ஆகவே எல்லாம் பொருக்குத் தட்டும் வரை இடத்தைத் துணியால் மூடி வையுங்கள். அம்மை வராத கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் சற்றுத் தள்ளியே இருக்கட்டும்.

இரண்டு முதல் நான்கு வாரத்தில் தோல் ஆறிவிடும். சிலருக்கு வலி மட்டும் போகாது. மூன்று மாதத்தைத் தாண்டியும் எரியும். வயது ஏற ஏற இந்த வாய்ப்பும் கூடும். மின்விசிறிக் காற்று பட்டால்கூடத் துடிப்பார்கள், தூக்கம் கெடும், வெளியே போவது நிற்கும். தோலில் தழும்பைத் தவிர ஒன்றும் இல்லாததால், "ஆறினப்புறமும் ஏன் புலம்புறீங்க?" என்று வீட்டார் கேட்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தக் கேள்விதான். வலிப்பது தோல் அல்ல, காயப்பட்ட நரம்பு. சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரிதாகக் கேட்காது. காபாபென்டின், பிரீகாபலின், நார்ட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் வேறு வகையில் வேலை செய்பவை. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவோம், ஏனென்றால் மயக்கமும் தள்ளாட்டமும் வரும். இரவில் எழுந்து போகும்போது விழுந்து இடுப்பு முறிந்தால் அது தனித் துன்பம். படுக்கையருகே விளக்கு இருக்கட்டும்.

இப்போது அக்கிக்குத் தடுப்பூசி இருக்கிறது. பல நாடுகளில் 50 வயதைக் கடந்தவர்களுக்குப் பரிந்துரைக்கிறார்கள். உயிருள்ள கிருமி இல்லாத புதிய ஊசியை இரண்டு தவணையாக, 2 முதல் 6 மாத இடைவெளியில் போடுவார்கள். 70 வயதைக் கடந்தவர்களிடமும் அது ஏறத்தாழ 90 விழுக்காடு பாதுகாப்புத் தந்ததாக ஆய்வுகள் காட்டின. ஒருமுறை அக்கி வந்தவர்களும், நோய் முழுதாக ஆறிய பின் போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்ட கை ஓரிரு நாள் வலிக்கும், லேசாகக் காய்ச்சலும் வரலாம். அதற்குப் பயந்து இரண்டாம் தவணையை விட்டுவிடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.