ஆய்வேடு பள்ளிக்கு வரட்டும்

(தருமபுரியில் கல்வியியல் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் புல முதன்மையர் அவர்களே, தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தும் நேரத்துக்கு வந்துவிட்ட சேலத்துப் பேராசிரியப் பெருமக்களே, வாழ்த்துரையை இரண்டே நிமிடத்தில் முடித்து எனக்கு வழிவிட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களே, என் பழைய சக ஆசிரியர்களே, பி.எட்., எம்.எட். மாணவச் செல்வங்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போர்த்திய பொன்னாடையில் என் சீட்டு எங்கோ மறைந்துவிட்டது.

மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன்: கற்பித்தல் தரம், ஆராய்ச்சி, இரண்டுக்கும் வேண்டிய நிதி.

முதலில் கற்பித்தல். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைக்குப் பிறகு பி.எட். இரண்டு ஆண்டு ஆனது. பள்ளியில் மட்டும் 20 வாரம் இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் வருகிற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? சார்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவருகிறார்கள். ஓரத்துக்கு ஜிகினா ஒட்டுகிறார்கள். ஆசிரியர் ஓய்வறையில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு எழுதுகிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார் என் அம்மா. அவர் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை.

சரி, ஆராய்ச்சிக்கு வருகிறேன்.

அரூர் பக்கம் ஒரு மலையடிவாரப் பள்ளியில் நான் தலைமையாசிரியர். ஒரு தம்பி பி.எச்.டி.க்கு டேட்டா எடுக்க வந்தார். கையில் கட்டுக் கட்டாக வினாநிரல். ஒன்பதாம் வகுப்பில் கொடுத்துவிட்டு, என் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் வகுப்புப் பக்கம் எட்டிப் பார்த்தேன். முதல் கேள்வி: 'என் சுயகருத்துருவாக்கம் நேர்மறையானது.' எதிரே ஐந்து கட்டங்கள், முற்றிலும் உடன்படுகிறேன் என்பதிலிருந்து. ஒரு பையன் எழுந்து, "உடன்படுறதுன்னா யாரோட சார்?" என்றான். எனக்கே தெரியவில்லை. அதற்குள் பிள்ளைகள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். முதல் ரேங்க் வாங்கும் பெண் எங்கே டிக் அடித்தாளோ, பின்பெஞ்சு வரை அதே கட்டத்தில் டிக். அந்தப் பெண்ணோ அழகாக இருக்கட்டும் என்று கோலம் மாதிரி மாற்றி மாற்றிப் போட்டிருந்தாள்!

பல வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அந்தத் தம்பி பக்கத்து இலை. டாக்டர் ஆகியிருந்தார். "எங்கள் பள்ளியில் என்னப்பா கண்டுபிடித்தாய்?" என்றேன். பெருமையாகச் சொன்னார்: "ஆண், பெண் மாணவரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை சார்." எப்படியப்பா இருக்கும்! எல்லாம் ஒரே பெண்ணின் தாள்தானே!

சிரிக்கிறீர்கள். அந்த ஆய்வேட்டை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்போம். ஏட்டுச் சுரைக்காய்!

நம் வட்டாரத்தில் கேள்விகளுக்கா பஞ்சம்? பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனால் பாட்டியிடம் வளரும் பிள்ளை வீட்டுப்பாடத்தை யாரிடம் கேட்கும்? தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசிவிட்டுத் தமிழ்ப் பாடநூலைத் திறக்கும் குழந்தை எங்கே தடுக்குகிறது? முப்பது வருஷம் அங்கே பாடம் எடுத்த ஆசிரியருக்கு இதில் பாதி தெரியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை, அவரும் எழுதிவைப்பதில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான், நான்கு வருஷமாகச் சொல்லி வருகிறேன். எந்தப் பள்ளியில் டேட்டா எடுத்தீர்களோ அதே பள்ளிக்கு, எளிய தமிழில் இரண்டு பக்கம் எழுதி எடுத்துப் போங்கள். ஆசிரியர்கள் முன்னால் வாசியுங்கள். அவர்கள் சொல்லும் மறுப்பைக் கடைசிப் பக்கத்தில் சேருங்கள். அந்தத் தாளில் தலைமையாசிரியர் கையெழுத்து இல்லாமல் வைவா என்கிற வாய்மொழித் தேர்வை வைக்கக் கூடாது. இதற்குச் செலவு பஸ் டிக்கெட் மட்டும்தான். நிதியைப் பற்றிய மூன்றாவது செய்தியும் இத்தோடு முடிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள், மணி அடித்துவிட்டார்கள்.

வெளியே டீ மேசையில் மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வடை எடுங்கள். முதன்மையர் ஐயா, முதல் வரியை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.