தோற்ற பிறகும் கொடி பிடிப்பவர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நம் நீலகிரிக் கூடலூர் மழைக்கு அஞ்சாமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

தோல்விக் காலத்திலும் தொண்டனைக் கட்சியில் நிறுத்துவது கொள்கையா, மக்கள் உறவா? கொள்கையே என்று அடித்துச் சொல்லி அமர்ந்தார் எதிரணி நண்பர். 1967-இல் ஆட்சியை இழந்த காங்கிரசுக்கு இன்றும் ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது. 1976-இல் கலைக்கப்பட்ட தி.மு.க. ஆட்சி 1989-இல்தான் திரும்பியது. 1996-இல் 4 இடங்களோடு நின்ற அ.தி.மு.க. 2001-இல் கோட்டைக்குப் போனது. இடைப்பட்ட காலத்தில் தாங்கியது கொள்கை இல்லாமல் வேறு என்ன என்று கேட்டார்.

ஐயா, தன் ஆட்சியைக் கலைத்த இந்திரா காந்தியின் கட்சியோடு தி.மு.க. 1980-இல் கூட்டணி வைத்தது. கொள்கை ஒன்றுதான் தொண்டனைக் கட்டி வைத்திருந்தது என்றால், இரு கட்சித் தொண்டர்களும் அன்றே கொடியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லையே! கூட்டணியைத் தலைவர்கள் மாற்றலாம். தொண்டன் தெருவை மாற்ற முடியாது.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். பிரிவு 17 நிலம் என்றால் இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். ஜன்மிகள் என்ற பரம்பரை நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழிக்க 1969-இல் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலத்தில் குடியிருப்பவர்கள் பட்டாவுக்கும் மின் இணைப்புக்கும் தலைமுறை தலைமுறையாக அலைகிறார்கள். அவர்களுக்கு மனு எழுதித் தருவது யார்? ஆளும் கட்சிக்காரர் மட்டுமா? தேர்தலில் தோற்ற கட்சியின் கிளைச் செயலாளரும்தான் பந்தலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே தாலுகா அலுவலகம் போய் வருகிறார். அந்த மனு ஒரு வாக்கைக்கூட மாற்றாது என்று அவருக்கும் தெரியும்.

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு வாக்காளர் பட்டியலோடு போகிறவர்களைப் பாருங்கள். காலில் அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்க உப்பைத் தேய்த்துக்கொண்டு, ஈரத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடக்கிறார்கள். அப்படிப் போன ஒரு தம்பியோடு நானும் போயிருக்கிறேன். ஒரு பாட்டி அவனை வாசலிலேயே நிறுத்தி, "உன் கட்சி ஜெயிக்காது என்று எனக்குத் தெரியும். என் பெயரை இந்த முறையாவது சரியாக எழுதியிருக்கிறார்களா, அதைப் பார்" என்றார். தப்பாகத்தான் இருந்தது. அந்த இடத்திலேயே திருத்தப் படிவம் நிரப்பினான். கையெழுத்துப் போடத் தெரியாத அவருடைய பெருவிரலில் மை தடவி, பதிந்ததும் தன் துண்டாலேயே துடைத்துவிட்டான். கட்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மலையகத் தமிழர்களைத் திருப்பி அனுப்ப இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து கப்பலேறி வந்து இந்த மலையில் தேயிலை கிள்ளிய குடும்பங்கள் இங்கே நிறைய இருக்கின்றன. ரேஷன் அட்டைக்கு எங்கே நிற்பது என்றுகூடத் தெரியாமல் திகைத்தவர்கள் அவர்கள். அன்று கைபிடித்து அழைத்துப் போனவரின் கொடி எதுவோ, அதையே பேரன் காலம் வரைக்கும் பிடிக்கும் வீடுகளை நான் அறிவேன். அந்த வீட்டில் போய்க் கொள்கை விளக்கம் கேட்டுப் பாருங்கள்!

கொள்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்சிக்குள் ஒருவரை அழைத்து வருவது அதுதான், மறுக்க மாட்டேன். ஆனால் டெபாசிட் போன மறுநாள் காலையில் அவரை மறுபடியும் தெருவில் இறக்குவது எது? எதிரணித் தலைவர் எழுந்ததும் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். அந்தத் தம்பி அடுத்த தேர்தலில் வேறு கட்சிக்குப் போனால், அந்தப் பாட்டி கதவைச் சாத்துவாரா? சாத்த மாட்டார் என்கிறேன் நான். உறவே என்று தீர்ப்பு வழங்குங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.