சின்னக் கார், பெரிய ஏற்றம்: ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல என்ன நடக்குது?

[காட்சி: கம்பளை – நுவரெலியா வீதி, ரம்பொடைக்கு மேல ஒரு கொண்டை ஊசி வளைவு. முன்னால கொழுந்து லொறி, பின்னால வெள்ளை ஆல்டோ.]

குரல்: இந்தச் சத்தத்தைக் கேளுங்க. ரெண்டாவது கியர் விழுந்ததும் கார் உதறுது, திணறுது. ஓட்டுறவர் திரும்ப ஒண்ணுக்கே இறக்குறார். 'என்ஜினுக்கு வலு பத்தல'ன்னு சொல்லிட்டுப் போயிருவோம். வலு கம்மிதான், ஆனா கியர் பல்லுக் கணக்கையும் பார்க்கணும்.

[திரையில்: 3.5 – 1.9 – 1.28]

796 சிசி ஆல்டோவுல, ஒண்ணாவது கியர்ல கியர்பொக்ஸுக்குள்ள போற தண்டு ஏறக்குறைய மூன்றரைச் சுற்று சுத்தினாத்தான் வெளிய வர்ற தண்டு ஒரு சுற்று சுத்தும். ரெண்டுல 1.9, மூணுல 1.28. அதனால ரெண்டுல இருந்து மூணுக்குப் போனா என்ஜின் சுற்று மூணுல ஒரு பங்கு குறையும். ஒண்ணுல இருந்து ரெண்டுக்குப் போனா ஏறக்குறைய பாதி விழுந்துரும். லயத்துக்கு ஏறுற கல்படியில முதல் படி மட்டும் முழங்கால் உயரம் இருக்குமே, அப்படி.

இந்த என்ஜினோட உச்ச இழுவை 69 நியூட்டன் மீற்றர். அது கிடைக்கிறது நிமிஷத்துக்கு 3500 சுற்றுல. 3000ல மாத்தினா ரெண்டுல 1600தான் மிஞ்சும். கிளட்சை மிதிச்சிருக்கிற அந்த ஒரு நொடியில ஏற்றம் காரோட வேகத்தையும் பிடிச்சு இழுக்கும், அதனால இன்னும் கீழ போகும். 4500 வரை இழுத்து மாத்தினா 2400. அங்க என்ஜினுக்கு உயிர் இருக்கு. ஒண்ணுலேயே மணிக்கு 30 கிலோமீற்றரை நெருங்கினா அந்த இடம் வந்துரும். பெற்றோல் குடிச்சிரும்னு பயந்து நாம 15லேயே மாத்திடுறோம். எனக்கு ஓட்டப் பழக்கினப்ப அப்பா சொன்னது ரெண்டே வார்த்தை: "இரைய விடு."

உயரமும் சேருது. நுவரெலியா 1868 மீற்றர். அங்க காத்து கடலோரத்தை விட ஆறுல ஒரு பங்கு லேசு. டர்போ இல்லாத என்ஜினுக்கு வலுவும் கிட்டத்தட்ட அவ்வளவு குறையும்.

[காட்சி: விடியக்காலை, பனி மூட்டம். கியர் லிவரைப் பிடிச்ச கை, மிக அருகில்.]

குளிர்ல ரெண்டாவது கியர் விழ மாட்டேங்குது, பாருங்க. லிவர் பாதி வழியில ரப்பர்ல முட்டுற மாதிரி நிக்குது. கியர் ஒயில் இறுகியிருக்கு. கியரையும் தண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டு வர்றது சின்க்ரோ வளையம். அது அந்த ஒயிலை வழிச்சுத் தள்ளி, பிறகுதான் ரெண்டோட வேகத்தையும் சமப்படுத்தணும். அடிச்சுத் தள்ளாதீங்க. அந்த இடத்துல லிவரை மெல்ல அழுத்திப் பிடிங்க, தானா உள்ள போகும். வளையம் பித்தளை, தேய்ஞ்சா கியர்பொக்ஸையே கழட்டணும். ரெண்டு கிலோமீற்றர் ஓடினதும் இளகிரும்.

இறங்கும்போதும் இதே ரெண்டாவது கியர்தான். நானுஓயாவுல இருந்து ரதல்லப் பக்கம் இறங்குற குறுக்கு வீதியில மூணுல போட்டு பிரேக்கையே நம்பிப் போனா, பாதி தூரத்துல கருகின வாசம் வரும். ரெண்டுல போட்டு எக்சிலேட்டரை விடுங்க, என்ஜினே காரைப் பிடிச்சுக்கும். வளைவுக்கு முன்னால மட்டும் பிரேக்கைத் தொட்டாப் போதும்.