முதல் மான் வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் துப்பாக்கியுடன் மான் வேட்டையாடும் பருவம், நவம்பரின் நான்காவது வியாழனான நன்றி நவிலல் நாளுக்கு அடுத்து வரும் சனிக்கிழமை தொடங்குகிறது. 2019-க்கு முன் பல பத்தாண்டுகளாக அது திங்கட்கிழமையாக இருந்தது. அன்று மலைப்பகுதிச் சிற்றூர்கள் பலவற்றில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விட்டுவிடுவார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் துப்பாக்கி கடையிலிருந்து வருவதில்லை. தாத்தாவின் அலமாரியிலிருந்து, எப்படிப் பிடிப்பது, எப்போது சுடக் கூடாது என்ற பாடத்தோடு சேர்ந்தே வருகிறது. நமக்கு அந்த அலமாரி கிடையாது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பிறந்தவர்களில் பெரும்பாலோர், துப்பாக்கி என்றால் காவல் நிலையத்திலோ வங்கி வாசலிலோ பார்த்ததோடு சரி. ஆகவே, இங்கு வந்து குடியேறி, அலுவலக நண்பர் ஒருவர் வேட்டைக்கு அழைத்து, நமக்கும் ஆசை வந்துவிட்டால், நாம் நேராகப் போய் நிற்பது கடைக்காரரின் மேசை முன்னால்தான். நானும் அப்படித்தான் போய் நின்றேன், தவறான துப்பாக்கியோடு திரும்பி வந்தேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சட்டம். பணி விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் பெற்றிருப்பது அதற்கு உள்ள விலக்குகளில் ஒன்று. உரிமம் காலாவதியாகும்போது விலக்கும் போய்விடும் என்பதால், அத்தகையோர் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு முறை பேசிவிட்டுக் கடைக்குப் போவதே நல்லது. பச்சை அட்டை பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உரிமம் பெறுவதற்கு முன் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். கடையில் படிவத்தை நிரப்பும்போது, துப்பாக்கி உண்மையில் யாருக்கோ அவரே வாங்க வேண்டும். நண்பர் கொடுத்த பணத்தில் அவருக்காக நம் பெயரில் வாங்குவது குற்றம்.

அடுத்தது, எங்கே வேட்டையாடப் போகிறோம் என்பது. இந்த நிகழ்ச்சியைக் கேட்பவர்களில் நியூ ஜெர்சிவாசிகள் நிறைய இருப்பீர்கள். உங்கள் மாநிலத்தில் மானை ரைபிளால், அதாவது ஒற்றைக் குண்டை வெகுதொலைவு துல்லியமாகச் செலுத்தும் துப்பாக்கியால், சுட அனுமதியே இல்லை. குறைந்த தொலைவுக்கே ஏற்ற ஷாட்கன் அல்லது குழலின் முனை வழியே வெடிமருந்திட்டுச் சுடும் பழைய வகைத் துப்பாக்கிதான். ஒஹாயோ போன்ற சில மாநிலங்களில் ரைபிளுக்கு, உறை கழுத்தில் ஒடுங்காத நேர்ச்சுவர் தோட்டாக்களோடு மட்டும் இடம் உண்டு. அவற்றின் குண்டு வெகுதொலைவு பறக்காது என்பதே காரணம். 2019-இல் வெளிவந்த 350 லெஜண்ட் என்ற தோட்டா ஏறக்குறைய இந்த மாநிலங்களை மனத்தில் வைத்தே உருவானது. பென்சில்வேனியாவில் ரைபிளுக்கு அனுமதி உண்டு, ஆனால் ஒவ்வொரு சுடுதலுக்குப் பிறகும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை ரைபிளை மான் வேட்டைக்குக் கொண்டுபோகக் கூடாது. பிலடெல்பியாவைச் சுற்றியுள்ள மாவட்டங்களுக்குத் தனி விதிகளும் உள்ளன. ஆகவே கடைக்குப் போவதற்கு முன் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள். கடைக்காரர் விற்கும் எல்லாவற்றையும் காட்டுக்குள் கொண்டுபோகலாம் என்று எண்ண வேண்டாம்.

இனி நான் செய்த தவறு. என் முதல் துப்பாக்கிக்காகச் சென்ற கடையில் இருந்தவர், ‘மான் மட்டும் போதுமா, நாளைக்குக் கொலராடோவுக்கு எல்க் வேட்டைக்குப் போனால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டார். எல்க் என்பது மிகப் பெரிய மான் வகை. அந்த ஒரு கேள்வியில் விழுந்து, 300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பெரிய தோட்டாவுக்கான ரைபிளை வாங்கிவிட்டேன். கொலராடோவுக்கு நான் இன்றுவரை போகவில்லை. அந்தத் துப்பாக்கியின் பின்னுதை என் தோளை முதல் நாளே பழுக்க வைத்தது. ஒரு மாதத்துக்குள், விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடித் தோளைச் சுருக்கிக்கொள்ளும் பழக்கம் என்னை அறியாமலே வந்துவிட்டது. தோட்டாவும் விலை அதிகம் என்பதால் பயிற்சியும் குறைந்தது. பருவத்தின் முதல் நாள், எழுபது கெஜத்தில் அசையாமல் நின்ற பெட்டை மானின் மார்பைக் குறிவைத்துச் சுட்டு, வயிற்றில் அடித்தேன். இருட்டும் வரை இரத்தத் தடத்தைத் தேடினோம். மறுநாள் காலையிலும் தேடினோம். கிடைக்கவில்லை. மலிவான ஒரு துப்பாக்கியும் ஐந்து பெட்டித் தோட்டாவும் அந்த மானுக்கும் எனக்கும் அந்த நாளைத் தவிர்த்திருக்கும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

பின்னுதையை அடி-பவுண்டு என்ற அளவில் கணக்கிடுவார்கள். துப்பாக்கியின் எடையையும் குண்டின் எடையையும் பொறுத்து அது மாறும் என்றாலும், எட்டு பவுண்டு எடையுள்ள ரைபிளில் 243 வின்செஸ்டர் தோட்டா தோராயமாக 9 அடி-பவுண்டு, 308 வின்செஸ்டர் 16 முதல் 18, 30-06 ஏறக்குறைய 20, நான் வாங்கிய 300 மேக்னம் 26-க்கு மேல் என்று கொள்ளலாம். புதியவர் பலருக்கு 20-ஐத் தாண்டினாலே சிரமம் தொடங்குகிறது. இன்றைய மலிவு ரைபிள்கள், தோளில் ஊன்றும் கட்டை பிளாஸ்டிக்கால் ஆனதால், ஆறரை பவுண்டுக்கு அருகில்தான் இருக்கின்றன; அவற்றில் உதை இன்னும் கூடுதலாகவே தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெண்வால் மானுக்கு மேக்னம் தேவையே இல்லை. 1895-இல் விற்பனைக்கு வந்த 30-30 என்ற மிதமான தோட்டா, இந்தக் காடுகளில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மானை வீழ்த்திக்கொண்டிருக்கிறது.

ஆகவே தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டை மட்டும் பாருங்கள்: உதை மிதமாக இருக்க வேண்டும், எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்க வேண்டும். 1952-இல் வந்த 308 வின்செஸ்டர் இரண்டாவது நிபந்தனையை முழுமையாகவும் முதலாவதை ஓரளவும் நிறைவேற்றுகிறது. 6.5 கிரீட்மோர் உதை குறைந்தது, இப்போது எங்கும் கிடைக்கிறது. அதைச் சுற்றி எழுந்த ஆரவாரம்தான் எனக்குச் சற்று மிகையாகத் தோன்றுகிறது. 7 எம்எம்-08 என்பது 308-இன் உறையையே கழுத்தில் ஒடுக்கிச் செய்த தோட்டா. என் கண்ணில் மான் வேட்டைக்கு ஏறத்தாழ முழுமையானது, ஆனால் சிறிய கடைகளில் தட்டுப்பாடு வரும். மனைவியோ பதின்ம வயதுப் பிள்ளையோ அதே துப்பாக்கியால் சுடப்போகிறார்கள் என்றால் 243 போதும். ஆனால் குண்டு சிறியது என்பதால், சரியான இடத்தில் அடிக்கும் பொறுப்பு கூடுகிறது. எனக்கு ஒரே ஒரு பதில்தான் வேண்டும் என்று நீங்கள் வற்புறுத்தினால், வளர்ந்தவருக்கு 308 என்பேன்.

துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டியது, நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. புதியவருக்குப் போல்ட் ஆக்‌ஷன் எனப்படும், தாழ்ப்பாளைப் போலக் கையால் இழுத்துத் தள்ளும் வகையே ஏற்றது: பாகங்கள் குறைவு, துடைப்பது எளிது, குழலின் பின்புற அறையில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது திறந்த உடனே கண்ணுக்குத் தெரியும். சாவேஜ் ஆக்சிஸ், ருகர் அமெரிக்கன், மாஸ்பெர்க் பேட்ரியாட் போன்றவை ஏறத்தாழ 400 முதல் 600 டாலருக்குள் கிடைக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்த விலை வரிசையில் துல்லியம் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இப்போது கணினி இயக்கும் எந்திரங்கள் குழலைக் கடைவதால், நூறு கெஜத்தில் மூன்று குண்டுகளை ஒன்றரை அங்குல வட்டத்துக்குள் போடுவது இவற்றுக்குப் பெரிய காரியமில்லை. மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஏறக்குறைய எட்டு அங்குல அகலம். அப்படியானால் 1,500 டாலர் துப்பாக்கி எதைத் தருகிறது? வழுக்கிச் செல்லும் போல்ட், அழகிய வால்நட் மரக்கட்டை, தாத்தா ஆனபின் பேரனுக்குக் கொடுக்கும் பெருமை. இவை எல்லாம் உண்மையான இன்பங்களே. மான் அவற்றை அறியாது.

மலிவு ரைபிளில் பணம் மிச்சப்படுத்திய இடங்கள் தெரியத்தான் செய்யும். தோட்டாக்களை அடுக்கும் மேகசின் பிளாஸ்டிக்காக இருக்கும், போல்ட் சற்றுக் கரகரக்கும், கட்டையின் முன்பகுதியை அழுத்தினால் வளைந்து குழலைத் தொடும். அழுத்திப் பிடிக்காமல், பையின் மேலோ உள்ளங்கையின் மேலோ தளர்வாக வைத்துச் சுடப் பழகினால் கடைசிக் குறை பெரிதும் தொல்லை தராது.

விலையைவிட முக்கியமானது, அது உங்கள் உடலுக்குப் பொருந்துகிறதா என்பது. கடையில் போல்ட்டைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்டு, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, கண்களை மூடியபடி தோளில் ஏற்றிப் பாருங்கள். கண்ணைத் திறக்கும்போது, கழுத்தை நீட்டாமலும் தலையை ஒடுக்காமலும், ஸ்கோப் எனப்படும் குறிபார்க்கும் தொலைநோக்கியின் முழு வட்டம் தெரிய வேண்டும். விசைக்கும் கட்டையின் பின்முனைக்கும் இடையிலான நீளம் பெரும்பாலான ரைபிள்களில் பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டியே இருக்கிறது. இது சராசரி அமெரிக்க ஆணின் கைக்கு அமைந்த அளவு. நம்மில் பலருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு, இது நீளம். சிறு உடலினருக்கென்று குறுகிய கட்டையோடு அதே துப்பாக்கி விற்கிறார்கள். சிறுவர் துப்பாக்கி என்று வெட்கப்பட வேண்டாம். குறிபார்க்கும்போது உங்கள் இரு கண்களில் எது ஓங்கி நிற்கிறது என்பதையும் முன்பே சோதித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோப்போடு சேர்த்தே விற்கும் பொதிகள் உண்டு. கைச்செலவு உண்மையிலேயே இறுக்கமாக இருந்தால் அதில் தவறில்லை. ஆனால் அப்பொதியில் முதலில் நம்மைக் கைவிடுவது அநேகமாக அந்த ஸ்கோப்தான். துப்பாக்கியைத் தனியாக வாங்கி, மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்கும், நாற்பது மில்லிமீட்டர் முன்கண்ணாடி கொண்ட எளிய ஸ்கோப் ஒன்றை 150 அல்லது 200 டாலருக்கு வாங்குவது மேல். மான் நடமாடுவது விடியலின் மங்கலிலும் அந்தியிலும். கண்ணாடியின் தரம் அப்போதுதான் தெரியும். வாங்கியபின் அதைப் பொருத்தியிருக்கும் திருகுகளை நீங்களே ஒரு முறை சரிபாருங்கள். துப்பாக்கி சரியில்லை என்று கடைக்குத் திரும்பி வரும் பல ரைபிள்களில் தளர்ந்திருப்பது ஒரு திருகு மட்டுமே.

பழைய துப்பாக்கி வாங்கலாமா என்று கேட்பீர்கள். வாங்கலாம், 1948-இல் அறிமுகமான மார்லின் 336 போன்ற, விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ரைபிள்கள் அடர்ந்த காட்டுக்கு மிகவும் ஏற்றவை. ஆனால் குழலின் உட்பள்ளங்களையும் முனையையும் பார்த்து மதிப்பிடத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் இல்லையென்றால் புதியதே பாதுகாப்பு.

மிச்சமான பணம் முழுவதும் தோட்டாவுக்குப் போகட்டும். இருபது தோட்டாக்கள் கொண்ட பெட்டி சாதாரணமாக 25 டாலருக்கு மேல். ஒவ்வொரு குழலுக்கும் பிடித்த தோட்டா வேறு. இரண்டு மூன்று வகைகளை ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சோதித்து, எதன் குண்டுகள் இலக்கில் நெருக்கமாக விழுகின்றனவோ அதிலேயே நின்றுவிடுங்கள். முதலில் இருபத்தைந்து கெஜத்தில் தொடங்கி, பிறகு நூறு கெஜத்துக்குப் போய்க் குறியைச் சரிசெய்யுங்கள். நூறு கெஜத்தில் சரியாக நிறுத்திய 308 இருநூறு கெஜத்தில் மூன்று நான்கு அங்குலம்தான் தாழும். பென்சில்வேனியக் காட்டில் மரங்கள் அந்த அளவு தூரம் பார்க்க விடுவதே அரிது. காதுக்குக் கவசம் இல்லாமல் ஒரு குண்டும் சுடாதீர்கள்.

மேசையில் வைத்துச் சுடுவதோடு பயிற்சி முடிந்துவிட்டதாக எண்ணுபவர்களே மிகுதி. காட்டில் மேசை இருக்காது. உணவு பரிமாறும் எட்டு அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை மாட்டி, மண்டியிட்டும், உட்கார்ந்தும், மரத்தில் சாய்ந்தும் சுட்டுப் பாருங்கள். எந்தத் தொலைவு வரை ஐந்து குண்டுகளும் தவறாமல் தட்டில் விழுகின்றனவோ அதுவே உங்கள் எல்லை. துப்பாக்கியின் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. எனக்கு முதல் ஆண்டில் அது அறுபது கெஜத்தைத் தாண்டவில்லை என்பதை, மூன்று ஆண்டுகள் கழித்து 308-க்கு மாறிய பிறகே ஒப்புக்கொண்டேன்.

கோடை முடிவதற்குள் துப்பாக்கியை வாங்கிவிட்டால், பருவத்துக்கு முன் பத்து வார இறுதிகளாவது கையில் இருக்கும். அவற்றில் கடைசி ஒன்றில், நவம்பர் குளிரில், காட்டுக்கு அணியப்போகும் கனத்த மேலங்கியையும், தலை, மார்பு, முதுகு ஆகியவற்றில் சேர்த்து 250 சதுர அங்குலம் வர வேண்டிய ஆரஞ்சு உடுப்பையும், கையுறையையும் அணிந்தே சுடுங்கள். மேலங்கியின் கனத்தால் கட்டை ஓர் அங்குலம் நீண்டது போலாகி, ஆகஸ்டில் பொருந்திய துப்பாக்கி அன்று பொருந்தாமல் போகலாம். அப்படிப் போனால் கட்டையின் பின்முனையில் உள்ள ரப்பர் பட்டையை மெல்லியதாக மாற்றிக்கொள்ள அப்போதும் ஒரு வாரம் மீதம் இருக்கும்.