வெயிலுக்குள் ஒரு ஐபாட் புரோ: கிளிநொச்சியிலிருந்து

வணக்கம் உறவுகளே. பின்னால் இரைகிற சத்தம் சோளகக் காற்று. மைக்குக்குத் துணி சுற்றியிருக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். கரடிப்போக்குச் சந்தியிலிருந்து சற்று உள்ளே, எங்கள் வீட்டு வேம்புக்குக் கீழே இருந்து பேசுகிறேன். போன வீடியோவில் ஒரு வீட்டுப் படத்தை இந்த ஐபாட்டில் கீறிக் காட்டினேன் அல்லவா, அன்றிலிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: "அண்ணா, இதை வாங்கலாமா?" ஒரு வரியில் ஓம் என்று சொன்னால் யாராவது சீட்டுக் காசோடு கடைக்குப் போய்விடுவீர்கள். அதனால் ஆறுதலாகச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது 11 அங்குல ஐபாட் புரோ. எம்4 சில்லு, 256 ஜிபி, வைஃபை மட்டும் உள்ளது. 2024 மே மாதம் வெளிவந்த மாடல். 2025 ஒக்டோபரில் எம்5 வந்துவிட்டது. ஆனால் உடம்பும் திரையும் கிட்டத்தட்ட அதேதான் என்பதால் நான் சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். அமெரிக்க விலை 999 டொலர். பென்சில் புரோ என்ற பேனாவுக்குத் தனியாக 129, கீபோர்டுக்குத் தனியாக 299. டொலரை 300 ரூபாய் என்று வைத்து 18 வீத வற் வரியையும் சேர்த்தால் ரப்லட் மட்டுமே மூன்றரை லட்சத்தில் போய் நிற்கும். நான் கீபோர்ட் எடுக்கவில்லை, பேனா எடுத்தேன். என் தொழிலுக்குப் பேனா இல்லாமல் இது வெறும் கண்ணாடிப் பலகை.

நான் படவரைஞர். ஆட்கள் வீடு கட்டப் பிரதேச சபைக்குக் கொடுக்கிற படம் கீறுவதுதான் என் வேலை. பாதி நாள் வீட்டில், பாதி நாள் வளவுகளில். இந்தப் பொருளின் நல்லது கெட்டது இரண்டுமே அந்த இரண்டு பாதிக்குள்தான் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், அது உண்மையாகவே பெரிய நல்லது. இதோ, கமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன். பேனா முனை திரையைத் தொட முன்னமே கோடு எங்கே விழும் என்று ஒரு சின்ன நிழல் காட்டுகிறது, பாருங்கள். தொட்டதும் கோடு முனையிலிருந்தே வருகிறது, இடையில் வெளி இல்லை. திரை நொடிக்கு 120 தடவை புதுப்பிக்கிறது. பேனாவை விரலுக்குள் உருட்டினால் கோட்டின் சாய்வு மாறும், மெல்ல அமுக்கினால் கருவிகள் வரும். ஒரு கிழமையில் கை பழகிவிடும். அதற்குப் பிறகு திரை என்ற நினைப்பே போய்விடுகிறது.

போன மாதம் கண்டாவளைப் பக்கம் ஒரு அம்மாவின் வளவுக்குப் போயிருந்தேன். முற்றத்துப் பாயில் இருந்து படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "தம்பி, குசினியைக் கொஞ்சம் கிணத்தடிப் பக்கம் தள்ளி விடுங்கோ" என்றார். கடதாசி என்றால் நான் வீட்டுக்கு வந்து திரும்பக் கீற வேண்டும். இதில் குசினியை மட்டும் வளைத்துப் பிடித்து, அவர் கண்முன்னாலேயே தள்ளினேன். "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிவிட்டு அவரே விரலை வைத்து இழுத்தார். விறாந்தைத் தூணில் இடித்ததும் நிறுத்தி, "இது காணும்" என்றார். தன் வீட்டின் படத்தை அந்த அம்மா கையால் தொட்டு மாற்றினார். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் இந்தப் பொருளை மதிக்கிறேன்.

அடுத்தது லைடார். பின்னால் கமராவுக்குப் பக்கத்தில் இந்தக் கறுப்புப் புள்ளி. கண்ணுக்குத் தெரியாத ஒளியை விட்டு, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடுகிறது. 5 மீற்றர் வரை எட்டும். பழைய வீடுகளுக்கு அறை கூட்டிக் கட்டும்போது உள்ளே ஒரு சுற்றுச் சுற்றினால் அறையின் உருவம் வந்துவிடும், யன்னல் எங்கே கதவு எங்கே என்று மறக்காது. ஆனால் அதையே அளவாக எடுக்காதீர்கள். அளவு நாடா 10 அடி 6 அங்குலம் சொன்ன சுவருக்கு இது 10 அடி 7 சொன்னது. மேசனிடம் ஒரு அங்குலம் பிழைத்த படத்தைக் கொடுத்தால் அந்தப் பிழை அத்திவாரத்தில் போய் இருக்கும். நாடா இன்னும் என் பையில்தான்.

சரி, இப்போது வெளியில் போவோம். இந்த ரப்லட்டுக்கு அப்பிள் எழுதியிருக்கிற பாவனை வெப்பநிலை 0 முதல் 35 பாகை வரை. நிழலில் அளக்கிற வெப்பநிலை அது. சித்திரையில், வைகாசியில் எங்கள் பக்கம் 35ஐத் தாண்டுவது யாருக்கும் புதினமில்லை. வெயிலில் பிடித்தால் கண்ணாடியும் அலுமினியமும் அதற்கு மேலே சூடேறும். உள்ளே விசிறி கிடையாது, தடிப்பு 5.3 மில்லிமீற்றர்தான். சூடு கூடினால் திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், இன்னும் கூடினால் ஆறும் வரை வேலை செய்ய விடாது. இதைப் பழுது என்று நினைக்க வேண்டாம், பற்றரியைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது. ஆனால் மதியம் 12 மணிக்கு, நான்கு ஆட்கள் சுற்றி நின்று எல்லைக்கல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்போது அந்த விளக்கம் உதவாது. நான் காலை 9 மணிக்கு முன்னும் பின்னேரம் 4 மணிக்குப் பின்னும்தான் வெளியில் எடுக்கிறேன். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் ஒருநாளும் வைப்பதில்லை.

திரை வெளிச்சத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஓஎல்ஈடி அடுக்கு வைத்து 1000 நிட்ஸ் வெளிச்சம் தருகிறது. பிரச்சினை பளபளப்பு. மரநிழலை விட்டு வெளியே வந்ததும் படத்துக்கு மேலே வானமும் பனைவட்டும் என் தொப்பியும் தெரியும். இதற்கு மருந்து அவர்களிடமே இருக்கிறது, நானோ-டெக்ஸ்சர் என்ற மினுக்கமில்லாத கண்ணாடி. அதை 1 டெராபைட், 2 டெராபைட் மாடல்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள். 11 அங்குலத்தில் 1 டெராபைட் 1599 டொலர், கண்ணாடிக்கு மேலதிகமாக 100. வெயிலில் வேலை செய்கிறவனுக்கு அந்தக் கண்ணாடிதான் தேவை. அவ்வளவு சேமிப்பிடம் அவனுக்கு எதற்கு? இது எனக்குச் சரியாகப் படவில்லை, சரியாகப் படவில்லை என்றே சொல்வேன்.

ஜிபிஎஸ் விஷயத்தையும் பலர் கவனிப்பதில்லை. வைஃபை மாடலில் ஜிபிஎஸ் இல்லை. டவுனுக்குள் சுற்றியுள்ள வைஃபைகளை வைத்து இடத்தை ஓரளவு சொல்லும். வயல்வெளியில் எந்த வைஃபையை வைத்துச் சொல்லும்? காணி, விவசாயம் என்று வெளிவேலை செய்கிறவர்கள் 200 டொலர் கூடக் கொடுத்து செலுலர் மாடல்தான் எடுக்க வேண்டும். எம்4இல் அதற்குச் சிம் போடும் துவாரமும் இல்லை, அட்டை இல்லாமல் உள்ளேயே பதிகிற இ-சிம் மட்டும்தான். உங்கள் தொலைபேசி நிறுவனத்தில் அதை முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் புழுதி. கிறவல் றோட்டில் ஒரு டிப்பர் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தண்ணீர், தூசி தாங்கும் என்ற ஐபி தரம் ஐபாட் புரோவுக்கு இல்லை. சாம்சுங்கின் கேலக்ஸி ரப் எஸ்9க்கு 2023இலேயே ஐபி68 இருந்தது, பேனாவும் பெட்டிக்குள்ளேயே வரும், மைக்ரோ எஸ்டி அட்டையும் போடலாம். அறிமுக விலை 799 டொலர். கோடு வருகிற சுகத்தில் ஐபாட் ஒரு படி மேல் என்பது என் கை சொல்வது. ஆனால் நாள் முழுக்க வயலிலும் வளவிலும் நிற்கிற ஒருவர் கேட்டால் அந்தச் சாம்சுங்கைத்தான் காட்டுவேன்.

எங்கள் ஆட்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பாமினி. இங்கே கடிதம், மதிப்பீடு, வினாத்தாள் என்று எத்தனையோ இன்னும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கப்படுகின்றன. அந்தக் கோப்பை இதில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். ஐபாட்டின் பிழை இல்லை அது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து பாமினி அப்படி அமைந்தது. எழுத்துருவைத் தனியாக நிறுவலாம், அல்லது எல்லாக் கருவிகளும் வாசிக்கிற யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். புதிதாக எழுத தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன.

கடைசியாக, இது மடிகணினிக்கு மாற்றா என்ற கேள்வி. எனக்கு இல்லை. சில்லுக்குப் பலம் போதும், 2025இல் வந்த ஐபாட்ஓஎஸ் 26 இல் கணினி மாதிரிப் பல ஜன்னல்களையும் திறக்கலாம். ஆனாலும் மேசைக் கணினியில் ஓடுகிற முழு ஓட்டோகாட் என்ற படம் கீறும் மென்பொருள் இதில் ஓடாது, சுருக்கமான பதிப்புத்தான். சபைக்குக் கொடுக்கிற இறுதிப் படத்தை என் பழைய மடிகணினியில்தான் முடிக்கிறேன்.

ஒரு தங்கச்சி எழுதியிருந்தார், தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறாராம், அப்பாவிடம் கேட்கப் போகிறாராம். தங்கச்சி, கேட்க வேண்டாம். 349 டொலருக்குச் சாதாரண ஐபாட் இருக்கிறது, பேனா 79. கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி தெரியும், கோடு இவ்வளவு வழுக்கி ஓடாது. படிக்கவும் கீறிப் பழகவும் அது தாராளம். மிச்சக் காசுக்கு ஒரு நல்ல மடிகணினி பாருங்கள். படம் கீறி உங்கள் கையில் காசு வரத் தொடங்கிய பிறகு, அதுவும் வேலை அதிகமும் கூரைக்குக் கீழே என்றால், அப்போது புரோவைப் பற்றி யோசிக்கலாம்.

சரி உறவுகளே, வெயில் ஏறுகிறது. முரசுமோட்டையில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போக வேண்டும். ஐபாட் இங்கேயே இருக்கட்டும், நாடாவும் கொப்பியும் கொண்டு போகிறேன்.