சோஷியல் கிளப் ஃபிரான்சைஸ் எடுக்கலாமா? கையெழுத்துக்கு முன்னாடி இதைப் பாருங்க

[திரையில்: சாப்பாட்டு மேஜை. தடிமனான ஒரு ஒப்பந்தம், பென்சில், கால்குலேட்டர்.]

வணக்கம். போன தை மாசம் எங்க அக்கா கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு ஒப்பந்தத்தைப் பையில போட்டு எடுத்துட்டு வந்தாங்க. பிள்ளைங்க ரெண்டு பேரும் வெளியூர் போயாச்சு, வீடு வெறிச்சோடிக் கிடக்கு. நாலு பேரோட பழகணும், கைச்செலவுக்கு வருமானமும் வரணும்னு அவங்களுக்கு ஆசை. வெளி மாநிலத்துல நடக்குற ஒரு பெண்கள் கிளப், கோவைக்கு ஃபிரான்சைஸ் தர்றோம்னு, அதாவது கட்டணம் வாங்கிட்டு அவங்க பேர்ல இங்க கிளப் நடத்த விடுறோம்னு சொல்லியிருக்காங்க. வாரம் ஒரு சந்திப்பு, மாசச் சந்தா, அப்பப்போ ஒரு வெளியூர்ப் பயணம். "கிளப் பேரு நல்லா இருக்கு, போட்டுடலாமா?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து நாங்க பார்த்ததைத்தான் இந்த வீடியோவுல சொல்லப்போறேன்.

முதல்ல கணக்கு.

[திரையில்: நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதும் கை.]

நுழைவுக் கட்டணம் 1,50,000 ரூபாய்னு விளம்பரத்துல போட்டிருந்தாங்க. அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, 27,000. ஆக 1,77,000. இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. சேவைத் தொழில்ல வருஷ விற்பனை 20 லட்சம் தாண்டலைன்னா பொதுவா ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்ல. சின்னக் கிளப் அந்தப் பக்கமே போகாது. பதிவு இல்லாதப்போ கட்டின வரியைத் திரும்ப எடுத்துக்க வழியும் இல்ல. அந்த 27,000 போனது போனதுதான்.

அடுத்து மாசக் கணக்கு. 40 பேர் சேர்ந்துட்டாங்கன்னே வச்சுக்கோங்க. ஆளுக்கு 600 ரூபாய் சந்தா, மாசம் 24,000. அவங்க பேரைப் பயன்படுத்துறதுக்கு மாசாமாசம் கட்டுற ராயல்டி 10%, அதுக்கும் ஜிஎஸ்டி, சேர்த்து 2,832. நாலு வாரத்துக்கு ஹால் வாடகை 10,000. காபி, வடைக்கு வாரம் ஆளுக்கு 30 ரூபாய்னு போட்டா 4,800. ஆட்டோ, நோட்டீஸ், போன் எல்லாம் 1,500. கையில நிக்கிறது 4,868 ரூபாய். இதுல அக்காவோட உழைப்புக்குன்னு ஒரு ரூபாகூட வைக்கல.

அந்த 4,868-ஐ வச்சு 1,77,000-ஐ எடுக்க 36 மாசத்துக்கு மேல ஆகுது. ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்கு? மூணு. போட்ட பணம் முழுசா கைக்கு வர்றதுக்குள்ள புதுப்பிக்கிற கட்டணம் கேட்டு கடிதம் வந்துடும். அதுவும் முதல் நாளே 40 பேர் வந்து உட்கார்ந்தா. பத்துப் பேரைச் சேர்க்கவே நாலு மாசம் ஆகும்னு இப்படிக் குழு நடத்தின யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அக்கா பென்சிலைக் கீழ வச்சுட்டு ரொம்ப நேரம் அந்த நம்பரையே பார்த்துட்டு இருந்தாங்க.

பணம் குறைவா வந்தாலும் பரவாயில்லை, மனசுக்குப் பிடிச்ச வேலைன்னு சிலர் நினைக்கலாம். அது நியாயம்தான். ஆனா அப்பவும் ஒரு கேள்வி இருக்கு. என்னைக் கேட்டா, எல்லாத்தையும் விட இதுதான் பெரிய கேள்வி: நாளைக்கு நீங்க விலகினா, நீங்க சேர்த்த குழு யாரோடது? அதுக்குப் பதில் ஏற்கனவே விலகினவங்ககிட்டதான் கிடைக்கும்.

அமெரிக்காவுல ஃபிரான்சைஸ் விக்கிறவங்களுக்கு 1979-லேர்ந்தே ஒரு விதி இருக்கு. இப்போதைய விதிப்படி பணம் வாங்குறதுக்கும் கையெழுத்துக்கும் குறைஞ்சது 14 நாள் முன்னாடி ஒரு விவர அறிக்கையைக் கையில குடுத்தாகணும். இப்போ அதுல 23 பிரிவு. இருபதாவது பிரிவுல, இப்போ நடத்துறவங்க மட்டும் இல்ல, கடந்த நிதியாண்டுல விட்டுட்டுப் போனவங்களோட பேரும் தொடர்பு விவரமும் இருக்கணும். நம்ம நாட்டுல ஃபிரான்சைஸுக்குன்னு தனிச் சட்டமே கிடையாது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 1999-ஆம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டம், இப்படி அங்கங்கே இருக்கிறதை வச்சுத்தான் நம்மளைக் காப்பாத்திக்கணும். அதனால அந்தப் பட்டியலை நாமளே வாய்விட்டுக் கேட்கணும். "விட்டுட்டுப் போனவங்க ரெண்டு பேர் நம்பர் குடுங்க."

அக்கா கேட்டாங்க. முதல்ல இழுத்தடிச்சாங்க, அப்புறம் ஒரு நம்பர் வந்துச்சு. ஸ்பீக்கர்ல போட்டுப் பேசினோம். அந்தம்மா மூணு வருஷம் நடத்தியிருக்காங்க, 62 பேர். புதுப்பிக்க வேண்டாம்னு எழுதிக் குடுத்த அன்னைக்குச் சாயங்காலமே வாட்ஸ்அப் குழுவுலேர்ந்து அவங்களை எடுத்துட்டாங்களாம். "ஒவ்வொருத்தர் பிறந்தநாளும் எனக்கு மனப்பாடம்மா. ஒருத்தர் வீட்டுக்காரர் தவறினப்போ மூணு நாள் அவங்க வீட்டுலயே இருந்தேன். எனக்கு ஒரு குட் நைட் சொல்லக்கூட நேரம் குடுக்கல" அப்படின்னாங்க.

அக்கா ஒப்பந்தத்தைத் திருப்பி எடுத்துப் பார்த்தாங்க. இதைப் பத்தி ஒரே ஒரு வரிதான் இருந்துச்சு. உறுப்பினர் பட்டியல், தொலைபேசி எண்கள், குழுக்கள் எல்லாம் நிறுவனத்தின் சொத்து.

டீக்கடை ஃபிரான்சைஸ் எடுத்தா டீத்தூளும் கலவை முறையும் அவங்ககிட்டேர்ந்து வருது. கிளப்புல அப்படி இல்ல. புதுசா வந்து கதவோரம் தயங்கி நிக்கிற பொண்ணுகிட்ட "வாங்க, இங்க உட்காருங்க"ன்னு சொல்ற அந்த ஒருத்தருக்காகத்தான் அடுத்த வாரமும் ஆள் வருது. அதை நீங்க உண்டாக்குறீங்க. உண்டானதுக்கு அப்புறம் அது யாரோடதுன்னு முதல் நாளே எழுத்துல வாங்கிக்கணும்.

"விலகினா ரெண்டு வருஷம் இதே மாதிரி குழு நடத்தக் கூடாது"ன்னும் ஒரு வரி இருக்கும். பயந்துடாதீங்க. ஒருத்தர் சட்டப்படியான தொழில் செய்யறதைத் தடுக்கிற ஒப்பந்தம், அந்த அளவுக்குச் செல்லாதுன்னு ஒப்பந்தச் சட்டத்தோட 27-ஆவது பிரிவு சொல்லுது. ஒப்பந்தம் நடப்புல இருக்கும்போது போடுற கட்டுப்பாட்டை நீதிமன்றங்கள் ஏத்துக்குது. குஜராத் பாட்லிங், கோகோ கோலா வழக்குல 1995-ல உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொல்லுச்சு. முடிஞ்ச பிறகு தொடர்ற தடையைப் பொதுவா ஏத்துக்கிறது இல்ல. ஆனா அவங்க பேரையோ பட்டியலையோ எடுத்துப் பயன்படுத்தினா அது வேற வழக்கு. கையெழுத்துக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க.

[திரையில்: வணிகச் சின்னத் தேடல் பக்கம்.]

பேருக்குப் பக்கத்துல டிஎம்னு போட்டிருந்தா பதிவாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, யார் வேணும்னாலும் போட்டுக்கலாம். வட்டத்துக்குள்ள ஆர் எழுத்தைப் பதிவான பேருக்கு மட்டும்தான் போடலாம். பொழுதுபோக்கு, கலாச்சார நிகழ்ச்சிகள் எல்லாம் 41-ஆவது வகுப்புல வரும். அரசு வணிகச் சின்ன இணையதளத்துல இலவசமாவே தேடலாம். எங்க அக்கா தேடினப்போ "ஆட்சேபம்"னு காட்டுச்சு. நமக்கு விக்கிற பேரே இன்னும் அவங்க கைக்கு முழுசா வரல.

தகராறு வந்தா கோர்ட்டுக்குப் பதிலா அதைத் தீர்த்து வைக்கிற நடுவர் மன்றம் எந்த ஊர்லன்னும் ஒரு பார்வை பாருங்க. கோவைக்காரங்க டெல்லி பக்கத்துல இருக்கிற குருகிராம் வரைக்கும் போய் வாதாடுற செலவுல ரெண்டு வருஷ லாபம் போயிடும்.

ஃபிரான்சைஸே வேண்டாம்னு நான் சொல்லல. பெங்களூர்ல உறுப்பினரா இருந்தவங்க மாத்தலாகி கோவை வந்தா நேரா உங்க குழுவுக்கு வருவாங்கன்னா, அந்தப் பேருக்கு நிஜமாவே விலை உண்டு. ரெண்டு உறுப்பினர்களுக்குள்ள மனஸ்தாபம் வரும்போது கூப்பிட்டுக் கேட்க அனுபவப்பட்ட ஆள் ஒருத்தர் இருந்தா அதுக்கும் விலை உண்டு. போன வருஷம் அப்படி எத்தனை பேர் ஊர் மாறி வந்தாங்கன்னு கணக்குக் கேளுங்க.

அக்கா மூணு திருத்தம் கேட்டு எழுதினாங்க. நடுவர் மன்றத்தைக் கோவைக்கு மாத்த ஒத்துக்கிட்டாங்க. பேரு பதிவாகலைன்னா பணத்தைத் திருப்பித் தர்றோம்னாங்க. மூணாவது, ஒப்பந்தம் முடியும்போது உறுப்பினர்களுக்கு ஒரு மாசம் முன்னாடி தகவல் சொல்லி, யார்கூட இருக்கணும்னு அவங்களையே முடிவு பண்ண விடணும். அதுக்கு மட்டும் முடியாதுன்னு பதில் வந்துச்சு.

அக்கா கையெழுத்துப் போடல. இப்போ ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு ரேஸ் கோர்ஸ் நடைபாதையில பதினோரு பேர் சேர்றாங்க. பிளாஸ்க்குல காபி அக்கா கொண்டு போறாங்க.