கல்லில் பெயர்களின் வரிசை

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்கச் சிற்றூர்ப் பூங்காக்களில் நிற்கும் நினைவுக் கற்களைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். கொடிக்கம்பம், துப்பாக்கி ஏந்திய சிப்பாய் சிலை, மலர் வளையம் ஆகியவற்றை எந்த ஊரிலும் பார்த்துவிடலாம். பெயர்களை எந்த வரிசையில் வெட்டியிருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஓர் ஊர் யாரை யாருக்குச் சமமாக எண்ணியது என்பது அங்கே தெரிந்துவிடும்.

தென் கரோலினா மாநிலத்தில் கிரீன்வுட் என்றொரு சிறு நகரம். உலகப் போர்களில் இறந்த அந்த ஊர்க்காரர்களின் பெயர்ப் பலகையில் வெள்ளையர்களுக்கு ஒரு பட்டியல், கறுப்பினத்தவருக்குத் தனியாக இன்னொன்று. ஒரே நாட்டுக்காக உயிர்விட்டவர்களைச் செத்த பிறகும் பிரித்து வைத்தார்களே, அதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. எல்லாப் பெயர்களையும் ஒரே அகரவரிசையில் சேர்க்க நகர மேயரே முன்வந்தார். நினைவுச் சின்னங்களை மாற்றக் கூடாது என்ற 2000-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது. நீதிமன்றம்வரை போய்த்தான் பலகையை மாற்ற முடிந்தது.

வாஷிங்டனில் 1982-இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவரைப் பாருங்கள். வடிவமைத்த மாயா லின், போட்டியில் வென்றபோது கல்லூரி மாணவி. சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். பதவி குறிக்கப்படவில்லை. வீழ்ந்த நாளின் வரிசையில் பெயர்கள் வருவதால், ஒரே சண்டையில் மடிந்த தோழர்கள் அருகருகே இருக்கிறார்கள். உயிரோடு திரும்பியவர் தம் நண்பர்களை ஒரே இடத்தில் கண்டுகொள்கிறார். இதைவிடப் பொருத்தமான வரிசையை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

போர்க்களம் காணாத ஊர்க்காரர்களும் இந்தப் பூங்காக்களில் இருக்கிறார்கள். ஆசிரியை, நூலகர், ஊதியமின்றித் தீயணைக்க ஓடியவர் என்று பலருடைய பெயர்கள் பெஞ்சுகளிலும் நடைபாதைச் செங்கற்களிலும் உள்ளன. படைவீரர் கல்லுக்குப் பக்கத்தில் இவர்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். போருக்குப் போனவர்களைப் படிக்க வைத்தவர் அந்த ஆசிரியையாக இருக்கலாம். அவருக்கு அங்கே முழு உரிமை உண்டு.

நான் ஏற்க மறுப்பது, நன்கொடை வாங்கிக்கொண்டு பெயர் வெட்டித் தரும் செங்கல் விற்பனையை. நன்கொடை கூடினால் கல்லும் பெரிதாகும் என்பது பல ஊர்களில் நடைமுறை. பராமரிப்புக்குப் பணம் வேண்டும்தான். அதை ஊர்ப் பொது நிதியிலிருந்து எடுக்கட்டும், உண்டியல் வைத்துத் திரட்டட்டும். பெயருக்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவு கல்லும் ஒரே அளவு எழுத்தும் கொடுக்க வேண்டும்.